மட்கார்டில் மூன்று ஓட்டையா, நான்கா? அப்பா ஓட்டிய காரை அடையாளம் காண உதவுங்கள்

உறையூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1957 முதல் 1964 வரை மதராஸில் ஒரு மில் முதலாளியின் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் இரண்டு கார்கள். அப்பா அவற்றைச் சின்ன வண்டி, பெரிய வண்டி என்றுதான் சொல்வார். சின்ன வண்டி மாரிஸ் மைனர் என்பது எனக்குத் தெரியும், புகைப்படம் இருக்கிறது. பெரிய வண்டியின் பெயரை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அப்பா போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

பெரிய வண்டியைப் படப்பிடிப்புக்கு இரவல் கேட்டுக் கோடம்பாக்கத்திலிருந்து ஆள் வருவார்களாம். வண்டி தனியாகப் போகாது, கூடவே அப்பாவும் போவார். வேறு யார் கையிலும் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதனால் ஒரு படத்தில், தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளில், கதாநாயகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பாவே ஓட்டியிருக்கிறார். "கிட்டத்தில் காட்டினால் அவர், தூரத்தில் போனால் நான்" என்று எங்களிடம் சொல்வார். சிறுவயதில் இதை நான் நூறு முறையாவது சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

வண்டியைப் பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று. முன் மட்கார்டில் பக்கத்துக்கு நான்கு வட்ட ஓட்டைகள். தினமும் காலையில் துணியை விரலில் சுற்றி எட்டு ஓட்டைகளையும் துடைக்க வேண்டும். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் வலது பக்கம் ஒரு பையனை உட்கார வைத்து, முன்னே போகும் வண்டியை முந்தலாமா என்று அவனைக் கேட்டுக்கேட்டு ஓட்டுவாராம்.

அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்து நான் பார்த்ததில்லை. சென்ற மாதம் இணையத்தில் யாரோ ஏற்றியிருந்தார்கள். இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கார் வந்தது, ஸ்டியரிங் இடது பக்கம்தான். ஆனால் ஓட்டைகள் மூன்றுதான் இருக்கின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன், மூன்றுதான்.

அப்பா எண்ணிக்கையில் தவறுகிறவர் அல்லர். பெட்ரோல் எத்தனை காலன், எத்தனை மைல் என்று தினமும் நோட்டில் எழுதியவர். ஆகவே ஸ்டுடியோக்காரர்கள் வேறு காரை வைத்து எடுத்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. அப்படியானால் தூரத்தில் போவது என் அப்பா அல்ல. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மூன்று நிலைப்படங்களை இணைத்திருக்கிறேன். படத்தின் பெயரும் காட்சி வரும் நேரமும் ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளன. முதலாவது காரின் முன்புறம். இரண்டாவது, கதாநாயகி கதவைத் திறந்து இறங்கும் இடம். மூன்றாவது, கடற்கரைச் சாலையில் தூரத்தில் போவது. என் பேரன் தன் தொலைபேசியில் முதல் படத்தைக் காட்டிக் கேட்டான், செவ்ரோலெட் என்று பதில் வந்தது. இது எந்தக் கார்?


வாரயிறுதிப் பயணி எழுதியது:

அம்மா, பேரனின் தொலைபேசி சொன்னது சரிதான். அந்தக் காலப் படங்களில் வரும் பெரிய அமெரிக்கக் கார் பெரும்பாலும் செவ்ரோலெட் பெல் ஏர்தான். 1957 மாடல் என்று நினைக்கிறேன். பாட்டுக் காட்சிகளில் நிறைய வரும்.


பழைய இரும்பு எழுதியது:

தம்பி, அது பெல் ஏர் இல்லை. 1957 பெல் ஏரின் அடையாளம் பின்பக்கத்தில் இருக்கிறது. மட்கார்டு வால்போல மேலே எழும்பி நிற்கும். பெட்ரோல் மூடிகூட இடது வாலின் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், தெரியாதவர்கள் பங்கில் வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேடுவார்கள். அம்மா அனுப்பிய மூன்றாவது படத்தில் பின்பக்கம் உருண்டு இறங்குகிறது, வாலே இல்லை. இது அதற்குப் பல ஆண்டுகள் முந்திய வண்டி.

எனக்கு வயது 68. கோவையில் டிங்கரிங் பட்டறையில் பதினான்கு வயதில் சேர்ந்தவன். பழைய படம் பார்க்கும்போது வீட்டில் எல்லாரும் கதையைப் பார்ப்பார்கள், நான் மட்கார்டைப் பார்ப்பேன்.

உறையூர் அம்மா, உங்கள் அப்பா சொன்ன ஓட்டைகள்தான் இதில் பெரிய சாட்சி. முன் மட்கார்டில் வரிசையாக வட்ட ஓட்டை என்றால் அது பியூக். 1949ஆம் ஆண்டு மாடலில்தான் முதன்முதலாக வந்தது. அந்த நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த நெட் நிக்கல்ஸ் தன் சொந்தக் காரின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே விளக்கு வைத்து, எஞ்சின் ஓட ஓட மின்னும்படி செய்திருந்தார். போர் விமானத்தின் புகைக்குழாயில் நெருப்பு வருவதுபோல இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மேலிடத்துக்கு அது பிடித்துப்போய், விளக்கை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் எல்லா வண்டிக்கும் வைத்துவிட்டார்கள். எங்கள் பட்டறைப் பக்கம் சிறுவர்கள் அதைத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த வண்டி என்று சொல்வார்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 1949இல் பியூக்கில் ரோட்மாஸ்டர் என்பது மேல்தட்டு வண்டி. அதற்குப் பக்கத்துக்கு நான்கு ஓட்டை. அதற்கு அடுத்த படியில் இருந்த சூப்பருக்கு மூன்று. தூரத்தில் வரும்போதே, வருகிறவர் நான்கு ஓட்டைக்காரரா மூன்று ஓட்டைக்காரரா என்று தெரிந்துவிடும். அந்த வேறுபாட்டுக்குத்தான் பணம் கொடுத்தார்கள். பிறகு 1955இல் சூப்பருக்கும் நான்கு கொடுத்துவிட்டதால் அந்த மரியாதை போய்விட்டது. உங்கள் அப்பா ஓட்டியது நான்கு என்றால் ரோட்மாஸ்டர். படத்தில் இருப்பது மூன்று என்றால் சூப்பர். இரண்டும் ஒரே கார் ஆகாது. உங்கள் கவலை நியாயமானதுதான்.

ஆனால் உங்கள் இரண்டாவது படத்தை நான் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கேமரா காருக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இருக்கிறது. முன் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவின் கீல் முன்பக்கம். கதவைத் திறந்தால் அது மட்கார்டை நோக்கி விரியும். பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு மட்கார்டின் கடைசிப் பகுதி கதவுக்கு மறைவில் போய்விடும். ஓட்டைகளின் வரிசை கதவை ஒட்டித்தான் முடிகிறது. நீங்கள் எண்ணிய மூன்றுக்கும் பிறகு கதவின் விளிம்பு வருகிறதே, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இந்தப் படத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. கதவு மூடிய நிலையில் ஒரு சட்டகமாவது வேண்டும். அவர் இறங்கிக் கதவைச் சாத்துகிறாரா, அதன் பிறகு வண்டி நகர்கிறதா, பாருங்கள். ஒரே ஒரு நொடி போதும்.

நீளத்தை அளந்தும் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ரோட்மாஸ்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 126 அங்குலம், சூப்பருக்கு 121. நேர் பக்கவாட்டில் நின்று எடுத்த தெளிவான புகைப்படம் இருந்தால் சரி. ஆடிக்கொண்டே ஓடும் பழைய பிரதியில் ஐந்து அங்குலத்தை அளந்தேன் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஓட்டையை எண்ணுங்கள், அதுதான் உறுதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கம் வருகிற இளைஞர்களுக்கு உதவும். அமெரிக்கக் கார் எல்லாவற்றையும் பிளைமவுத் என்றோ இம்பாலா என்றோ சொல்லிவிடுகிறார்கள். கிராமத்தில் எந்தக் காரானாலும் பிளசர் என்று சொன்னதுபோலத்தான் அது. பிளைமவுத்தை அடையாளம் காண்பது உண்மையிலேயே கடினம், காரணம் வேறு. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் கட்டிக்கொடுத்த காலத்தில், பிளைமவுத்தின் உடலுக்கே டாட்ஜ் கிங்ஸ்வே என்றும் டிசோட்டோ டிப்ளமேட் என்றும் பெயர்ப்பலகை மாற்றி விற்றார்கள். தகரம் ஒன்று, பெயர் மூன்று. அவற்றில் பானட் எழுத்தையும் கிரில்லையும் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. போருக்கு முந்திய ரோல்ஸ் ராய்ஸ் என்றால் நேர் எதிர். நிறுவனம் சட்டத்தையும் எஞ்சினையும் மட்டும்தான் விற்கும். உடலைப் பார்க்கர், ஹூப்பர் போன்ற கூண்டு கட்டுகிறவர்களிடம் தனியாகச் சொல்லிச் செய்வார்கள். ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் அண்ணன் தம்பி போலக்கூட இருக்காது. அங்கே உடலை விட்டுவிட்டு ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

அம்மா, முதல் படத்தையும் இன்னும் தெளிவாக அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். ஆண்டைச் சொல்லிவிடலாம்.


ரீல்பெட்டி எழுதியது:

பழைய இரும்பு ஐயா சொன்னதைப் படித்த பிறகு சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் இருபது ஆண்டுகள் திரையரங்கில் புரொஜெக்டர் ஓட்டியவன்.

ஸ்டியரிங் இடது பக்கம் என்பதை உடனே சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் ஏற்றப்படும் பழைய படங்களில் சில, இடம் வலமாகத் திருப்பி ஏற்றப்பட்டவை. அப்படித் திருப்பினால் நம் ஊர் வண்டி எல்லாமே இடது ஸ்டியரிங் ஆகிவிடும். காட்சியில் பெயர்ப்பலகை ஏதாவது இருந்தால் எழுத்தைப் பார்த்து அறியலாம். பலகை இல்லையென்றால் கதாநாயகியின் முந்தானையைப் பாருங்கள். இடத்தோளில் கிடந்தால் படம் நேராக இருக்கிறது, வலத்தோளில் என்றால் திருப்பியிருக்கிறார்கள். ஆண்களுக்குச் சட்டைப்பை இடது மார்பில் இருக்க வேண்டும். சாலையில் எதிரே வருகிற வண்டி நம் காரின் வலப்பக்கமாகக் கடக்க வேண்டும்.

எண் பலகை தெரிந்தால் அதுவும் உதவும், ஆனால் கவனம் தேவை. மதராஸ் மாநில வண்டிகளின் எண் எம் என்ற எழுத்தில் தொடங்கும், தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகுதான் டி வந்தது. எம் என்று பார்த்ததுமே மதராஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, மைசூர் வண்டிக்கும் முதல் எழுத்து அதுதான்.

அப்பா தூரக் காட்சியில் ஓட்டினார் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. கிட்டத்தில் காட்டுகிற காட்சியை ஸ்டுடியோவுக்குள் நின்ற வண்டியில் எடுப்பார்கள். பின்னால் ஒரு திரையில் சாலை ஓடும், இரண்டு பேர் பம்பரைப் பிடித்து ஆட்டுவார்கள். ஒளி பட்டு மின்னாமல் இருக்க முன்கண்ணாடியையே கழற்றிவிடுவதும் உண்டு. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 1950இல் வந்த 'சன்செட் பூல்வார்ட்' படத்தில் ஒரு பெரிய இத்தாலியக் கார் வரும், 1929ஆம் ஆண்டு இசோட்டா ஃபிராஸ்கினி. அதில் டிரைவராக நடித்த எரிக் வான் ஸ்ட்ரோஹைமுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கயிறு கட்டி இழுத்துத்தான் எடுத்தார்கள். அந்தக் கார் இப்போது இத்தாலியில் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் படத்தின் கதையில்கூட ஸ்டுடியோவிலிருந்து ஓயாமல் தொலைபேசி வரும். நடிகையைக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார், அவர்கள் கேட்பதோ காரை வாடகைக்கு. உங்கள் அப்பாவின் முதலாளி வீட்டுக்கு ஆள் வந்ததைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.


உறையூர்க்காரி எழுதியது:

இரண்டு ஐயாக்களுக்கும் நன்றி. பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு மாலையும் பார்த்தோம்.

முந்தானை இடத்தோளில்தான் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் எதிரே வருகிறது, அது காரின் வலப்பக்கமாகத்தான் போகிறது. ஆகவே படம் திருப்பப்படவில்லை, ஸ்டியரிங் உண்மையிலேயே இடது பக்கம். எண் பலகையில் முதல் எழுத்து எம் என்று மட்டும் படிக்க முடிகிறது.

முதல் படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் இணைத்திருக்கிறேன். முன்கண்ணாடியின் நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி போகிறது. கிரில் பெரிய பற்கள்போல இருக்கிறது. பற்கள் பம்பருக்கு மேலேயே நின்றுவிடுகின்றன, பம்பர் முழுதாகத் தெரிகிறது.

கதவு மூடும் இடத்தைத் தேடினோம். அவர் இறங்கியதும் காட்சி அவர் முகத்துக்குப் போய்விடுகிறது. அங்கே எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆனால் முகத்துக்குப் பிறகு கார் கிளம்புவதை இன்னொரு முறை காட்டுகிறார்கள், ஒரு நொடிகூட இல்லை. பேரன் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினான். முதலில் எல்லாம் கலங்கல். பிறகு "பாட்டி, எண்ணு" என்றான்.

நான்கு. ஏழு சட்டகங்களில் தெளிவாக நான்கு. நான்காவது, கதவை ஒட்டி, ஐயா சொன்ன அதே இடத்தில் இருக்கிறது. நான் எண்ணிவிட்டுப் பேரனை எண்ணச் சொன்னேன், பிறகு என் மகளைக் கூப்பிட்டு அவளையும் எண்ணச் சொன்னேன்.


பழைய இரும்பு எழுதியது:

அம்மா, படித்ததும் என் மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவு மகிழ்ச்சி.

இப்போது ஆண்டும் கிடைத்துவிட்டது. 1948 பியூக்கில் ஓட்டை கிடையாது. 1950இல் பற்களைப் பம்பருக்கு மேலாக வழிய விட்டார்கள், அந்த ஒரே ஆண்டு மட்டும் வாய் திறந்த முதலைபோல இருக்கும். எங்கள் பட்டறைக்கு அப்படி ஒன்று முலாம் பூச வந்திருந்தது, பற்களைக் கழற்றி வரிசை மாறாமல் தரையில் அடுக்கிவைத்தது என் வேலை. உங்கள் படத்தில் பம்பர் முழுதாகத் தெரிகிறது, ஆக 1950 இல்லை. 1950 முதல் ரோட்மாஸ்டருக்கு முன்கண்ணாடியும் ஒரே துண்டாக வந்துவிட்டது. நடுவில் கம்பி, பம்பருக்கு மேல் நிற்கும் பல், பக்கத்துக்கு நான்கு ஓட்டை. மூன்றும் சேர்ந்தால் 1949 பியூக் ரோட்மாஸ்டர் தவிர வேறொன்றும் இல்லை.

அப்பா சொன்ன கிளட்ச் விஷயமும் பொருந்துகிறது. டைனாஃப்ளோ என்ற தானியங்கி கியரை 1949 ரோட்மாஸ்டரில் எல்லா வண்டிக்கும் வைத்தே கொடுத்தார்கள். சூப்பரில் வேண்டுமென்று கேட்டு, தனியாகப் பணம் கட்டினால்தான் கிடைக்கும். இடது காலுக்கு வேலை இல்லை என்று அவர் சொன்னது அப்படியே உண்மை. மாரிஸ் மைனரையும் இதையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார் என்றால், காலும் கையும் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! ஒன்றில் ஸ்டியரிங் வலம், கிளட்ச் உண்டு. மற்றதில் ஸ்டியரிங் இடம், கிளட்ச் இல்லை. தொழில் தெரிந்த மனிதர்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கார் எது என்று என்னால் சொல்ல முடியும், உள்ளே இருப்பவர் யார் என்று சொல்ல முடியாது. மதராஸில் இன்னொரு ரோட்மாஸ்டரும் இருந்திருக்கலாம். ஆனால் இடது ஸ்டியரிங் வைத்த அதே மாடல், அப்பா பெயர் சொன்ன அதே படத்தில் வந்திருக்கிறது. என் கணக்கில் அது போதும்.


ரீல்பெட்டி எழுதியது:

அம்மா, மூன்றாவது நிலைப்படத்துக்கு முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பாருங்கள். தூரக் காட்சியில் ஓட்டுகிறவர் தலையைக் குனிந்தே இருப்பார், முகம் தெரியக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். முகத்தைத் தேடாதீர்கள். உட்காரும் விதத்தையும் கையையும் பாருங்கள்.


உறையூர்க்காரி எழுதியது:

பார்த்தேன் ஐயா. இன்று காலை, எல்லாரும் எழுந்திருக்கும் முன்பு.

பிற்காலத்தில் அப்பா திருச்சியில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டினார். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமே, அதைத் திறந்து வைத்து, அதன் சட்டத்தில் இரண்டு விரல்களைக் கொக்கிபோல மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். முழங்கை வெளியே இருக்கும். விரல் கொடுத்துக் கொடுத்து அந்தச் சட்டத்தில் பெயின்ட் போய்விட்டிருந்தது. அம்மா எத்தனையோ முறை கையை உள்ளே எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

படத்தில் கதாநாயகன் கிட்டத்தில் வரும்போதெல்லாம் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். கடற்கரைச் சாலையில் கார் தூரத்தில் திரும்புகிறது. ஓட்டுகிறவரின் இடது முழங்கை வெளியே இருக்கிறது. கோட்டுக் கை சற்று மேலேறி மணிக்கட்டு தெரிகிறது. விரல்கள் முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தில் இருக்கின்றன.

அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். என் தங்கை நாளை காலைப் பஸ்ஸில் புதுக்கோட்டையிலிருந்து வருகிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. திரையை மட்டும் காட்டப்போகிறேன்.